நட்சத்திரத்துக்கு ஜாதகம் எழுதியவன் யார்?

சென்ற மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று. பெண் படித்தவள், எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதிச் சம்பாதிக்கின்றவள். பையனுக்குத் துறைமுகத்தில் வேலை. இருவருக்கும் சம்மதம், இரு வீட்டாருக்கும் சம்மதம், தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கப்போகும் தருணத்தில் பையனின் தகப்பனார் பெண்ணின் ஜாதகத்தை ஒரு ஜோசியரிடம் கொண்டுபோனார். ஜோசியர் கட்டத்தைப் பார்த்தார்; உதட்டைப் பிதுக்கினார்; "பெண் மூல நட்சத்திரம்; மாமனாருக்கு ஆகாது" என்றார். தட்சணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணம் நின்றுவிட்டது.

அந்த மாமனாராக வரவேண்டியவருக்கு வயது அறுபத்திரண்டு. நாற்பது வருஷமாய்ப் பீடி பிடிக்கின்றவர். பிறந்தது முதல் எண்ணூர்ப் புகையையே மூச்சாய் இழுத்தவர். இவருக்கு ஆகாதது பீடியா, புகையா, அல்லது அந்த ஏழைப் பெண் பிறந்த இரவு சந்திரன் நின்ற திசையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

பெண்ணின் தகப்பனார் காசிமேட்டில் வலை பின்னியும் கிழிசல் தைத்தும் பிழைப்பவர். பாவம், அவர் திருவொற்றியூர்க் கோவிலுக்குப் போய், அங்கே இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் வைத்திருக்கும் இருபத்தேழு லிங்கங்களில் மூலத்து லிங்கத்தைத் தேடிப் பிடித்து விளக்கேற்றிவிட்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்து, "அண்ணே, ஜோசியரை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் நட்சத்திரம் பொய்யில்லையே! கடலுக்குப் போன காலத்தில் ராத்திரியெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். அது என்ன? அது எப்படி உண்டாயிற்று? அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், அன்று எனக்குச் சரியான பதில் சொல்ல வரவில்லை. இருபது வருஷமாய் மேடையேறி "ஜோசியம் புரட்டு, புரட்டு" என்று கத்துகின்றவனுக்கு, நட்சத்திரம் எப்படி உண்டாகின்றது என்பது தெரியவில்லை என்றால் அது வெட்கமல்லவா? நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ஒரு மாத காலம் நூல்நிலையத்தில் உட்கார்ந்து, புரிந்தவரை படித்து, புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டேன். அதையே இங்கு எழுதுகின்றேன். அந்த மாமனார் இப்பத்திரிகையைப் படிக்கின்றவர் என்பது எனக்குத் தெரியும். அவருக்காகவே எழுதுகின்றேன் என்றாலும் குற்றமில்லை.

முதலில், மூலம் என்பது என்ன? வானத்தில் தேளின் வால்போல வளைந்து நிற்கின்ற சில நட்சத்திரங்களுக்குப் பஞ்சாங்கக்காரர்கள் வைத்த பெயர் அது. ஒரு பெண் "மூலத்தில் பிறந்தாள்" என்றால், அவள் பிறந்த சமயம் சந்திரன் வானத்தில் அந்தப் பக்கமாய்த் தெரிந்தது என்பதற்குமேல் அதில் ஓர் அர்த்தமும் இல்லை. சந்திரன் நமக்கு 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றது. அந்த வாலில் உள்ள நட்சத்திரங்களில் ஒன்று 64 ஒளியாண்டு தூரத்திலும், இன்னொன்று சுமார் 73 ஒளியாண்டு தூரத்திலும், கொடுக்கில் பளிச்சென்று தெரிவது சுமார் 570 ஒளியாண்டு தூரத்திலும் இருக்கின்றன. ஓர் ஒளியாண்டு என்பது ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர்.

காசிமேட்டுக் கரையில் ராத்திரி நின்று கடலைப் பார்த்தால், அருகில் வரும் சிறு படகின் விளக்கும், அதற்கப்பால் போகும் விசைப்படகின் விளக்கும், வெகு தூரத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் விளக்கும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் தெரியும். அதற்காக அம்மூன்றும் ஒரே வீட்டு விளக்குகள் என்று எந்த மீனவனாவது சொல்லுவானா? மீனவன் சொல்லமாட்டான். ஆனால் பஞ்சாங்கக்காரர் சொல்லுகின்றார்!

இதற்கு நேர்மாறாக, நம் பழந்தமிழர் அறுமீன் என்று அழைத்த கார்த்திகையைப் பாருங்கள். அது உண்மையிலேயே ஒரு குடும்பம். கண்ணுக்கு ஆறோ ஏழோதான் தெரியுமென்றாலும், அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் உண்டு. நமக்குச் சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில், ஏறக்குறைய 10 கோடி வருஷங்களுக்கு முன்பு, ஒரே வாயு மேகத்தில் பிறந்த உடன்பிறப்புகள் அவை. குடும்பமாகிய கார்த்திகைக்கும், குடும்பமே அல்லாத மூலத்துக்கும் பஞ்சாங்கத்தில் ஒரே அந்தஸ்து, ஒரே மாதிரிப் பலன்! நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் என்ன உறவு என்பதையே அறியாதவர்கள், நட்சத்திரத்துக்கும் உன் வீட்டு மருமகளுக்கும் உள்ள உறவை அறிந்து சொல்ல வந்துவிட்டார்கள்.

நிற்க. நட்சத்திரம் பிறக்கும் இடம் எது என்பதைப் பார்ப்போம்.

நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள வெளி வெறும் சூனியமல்ல. அங்கே மிகமிக மெல்லிய வாயு பரவியிருக்கின்றது. அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன். மீதியில் பெரும்பாலும் ஹீலியம். எடையில் நூற்றில் ஒரு பங்கு நுண்ணிய தூசி. ஒரு தையற்காரி விரலிலிடும் அங்குஸ்தான் அளவு இடத்தில் சராசரி ஓர் அணு இருந்தால் அதிகம். ஆனால் சில இடங்களில் இந்த வாயு திரண்டு குளிர்ந்த மேகமாகின்றது. அங்கே அதே அளவு இடத்தில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மூலக்கூறுகள் இருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றிலோ, அதே இடத்தில் ஒன்றின் பின் பத்தொன்பது சைபர் போட்டால் வரும் தொகைக்கும் அதிகமாய் இருக்கும். ஆகவே மேகம் என்று சொன்னாலும் நம் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லாததுதான். ஆனால் அது பல ஒளியாண்டு தூரம் பரந்து கிடப்பதால், அதன் மொத்த எடை ஆயிரக்கணக்கான சூரியன்களின் எடைக்குச் சமமாகவும் இருக்கக்கூடும். அதன் குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 263 டிகிரி.

இப்படிப்பட்ட மேகமொன்று நம் ஜோசியரின் மூக்குக்கு நேராகவே இருக்கின்றது. மூலத்துக்கு முந்திய நட்சத்திரம் கேட்டை. தேளின் நெஞ்சில் செக்கச்செவேலென்று எரிவது. அதற்கும் ஒரு பழி கட்டிவிட்டிருக்கின்றார்கள்: "கேட்டை மூத்தாருக்கு ஆகாது" என்று! அந்தத் தேளின் உடம்பில் நட்சத்திரமே இல்லாத ஒரு கருத்த இடத்தை 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற பெரிய வானநூலார் கண்டு, அது வானத்தில் உள்ள ஓர் ஓட்டை என்று எழுதினார். பெரிய மனிதர்தான். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் "பெரியவர் சொல்லிவிட்டார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பர்னார்டு என்பவர் வருஷக்கணக்காக வானத்தைப் போட்டோப் பிடித்து, அப்படிப்பட்ட 182 கருத்த இடங்களை 1919-ல் பட்டியல் போட்டார். அவை பெரும்பாலும் ஓட்டையல்ல, பின்னாலிருக்கும் ஒளியை மறைக்கும் தூசி மேகமே என்பது நாளடைவில் ருசுவாயிற்று. தூசியை ஊடுருவக்கூடிய அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் ஜேம்ஸ் வெப் என்னும் தொலைநோக்கி, கேட்டைக்குச் சற்று வடக்கே சுமார் 400 ஒளியாண்டு தூரத்திலுள்ள மேகத்தை எடுத்த படம் 2023 ஜூலையில் வெளியாயிற்று. அந்தச் சிறு படத்துக்குள்ளேயே ஏறக்குறைய ஐம்பது இளம் நட்சத்திரங்கள்! ஓட்டை என்று எண்ணியது பிரசவ அறையாக இருந்தது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகின்றேன். மேகம் முழுவதும் நட்சத்திரம் ஆவதில்லை. மேகத்தில் எங்கு வேண்டுமானாலும் நட்சத்திரம் பிறப்பதுமில்லை. அது எங்கே பிறக்கும் என்பதை மேகத்தின் அமைப்பே தீர்மானிக்கின்றது.

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புகை பலகைபோல் சமமாகவா வெளிவருகின்றது? சுருளும் திரியுமாகக் கொந்தளித்துக்கொண்டு வருகின்றது. அதுபோலவே வானத்து மேகமும் ஒரே சீராக இல்லை. அதற்குள் வாயு ஒலியைவிட வேகமாய்க் கொந்தளிக்கின்றது. முன்பே பிறந்து எரிந்த பெரிய நட்சத்திரங்கள் வீசும் காற்றும், அவை வெடிக்கும் அதிர்ச்சியும் அதை ஒருபுறம் கலைத்தும் ஒருபுறம் நெருக்கியும் வைக்கின்றன. இதனால் மேகம் தகடாகவும் நூலாகவும் பின்னிக் கிடக்கின்றது. 2009-ல் ஏவப்பட்டு 2013 வரை வேலை செய்த ஒரு விண்வெளித் தொலைநோக்கி (அதற்கும் அந்த ஹெர்ஷலின் பெயரைத்தான் வைத்தார்கள்) நமக்கு அருகிலுள்ள மேகங்களைப் பார்த்தபோது, பார்த்த இடமெல்லாம் நூலிழைகள். அவற்றின் குறுக்களவு பெரும்பாலும் ஓர் ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கு. நீளமோ பல ஒளியாண்டுகள். நட்சத்திரமாகப்போகும் கருக்கட்டிகள் பெரும்பாலும் கனமான இழைகளின்மேல்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஏன் இழையின்மேல்? காசிமேட்டில் மார்கழி விடியற்காலையில் உலரப்போட்ட வலையைப் போய்ப் பாருங்கள். நூல் முழுவதும் பனிநீர் படிந்திருக்கும். ஆனால் அது நூலைச் சுற்றி ஒரே சீராக உறைபோல் நிற்காது; இடைவெளி விட்டு முத்து முத்தாய்த் திரண்டுவிடும். எந்தத் தெய்வம் வந்து ஒவ்வொரு முத்தையும் அந்தந்த இடத்தில் வைத்தது? நூலில் நீளமாய் ஒட்டிய நீர் தானே துளியாய்ப் பிரிந்துகொள்வது அதன் சுபாவம். வானத்து இழையும் இப்படியே துண்டு துண்டாய்த் திரளுகின்றது. வித்தியாசம் என்னவென்றால், பனிநீரைத் திரட்டுவது நீரின் மேற்பரப்பு இழுப்பு. வானத்து வாயுவைத் திரட்டுவது அதன் சொந்த எடையின் ஈர்ப்பு சக்தி.

அங்கே ஒரு பெரிய இழுபறி நடக்கின்றது. ஈர்ப்பு சக்தி வாயுவை உள்ளே இழுக்கின்றது. வாயுவின் வெப்பம் வெளியே தள்ளுகின்றது. எவ்வளவு வாயு சேர்ந்தால் ஈர்ப்பு ஜெயிக்கும் என்பதற்கு 1902-ல் ஜீன்ஸ் என்பவர் கணக்குப் போட்டார். அந்தக் குளிரில் கிடக்கும் இழை ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், ஓர் ஒளியாண்டு நீளத்துக்குச் சுமார் ஐந்து சூரியன் எடைக்குமேல் வாயு சேரும்போது வெப்பம் மாத்திரம் அதைத் தாங்க முடியாது. அது நொறுங்கித் திரளத் தொடங்கும். அன்றியும், காந்தப்புலம் என்ற ஒன்றும் நடுவில் நின்று தடுக்கின்றது.

இந்தக் காந்தப்புலத்தைக் கணக்கிட்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து 1930-ல் சீமைக்குக் கப்பலேறிய சந்திரசேகர்தான் அவர். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி போடுகின்றார்கள். அவர் 1953-ல் ஃபெர்மி என்பவரோடு சேர்ந்து, நட்சத்திர ஒளி தூசியில் பட்டு எந்தத் திசையில் அதிர்கின்றது என்பதைக் கொண்டு, வெளியிலுள்ள காந்தப்புலத்தின் பலத்தை மதிப்பிட்டார். பூமியின் காந்தப்புலத்தில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்குகூட வராத அற்ப பலம். ஆனாலும் அந்த மெல்லிய வாயுவைத் தடுக்க அதுவே ஒரு பொருட்டாகின்றது. அதே வருஷம் அவ்விருவரும் நீண்ட உருளையாய்க் கிடக்கும் வாயு தன் ஈர்ப்பினால் எப்படித் துண்டாகும், அதைக் காந்தப்புலம் எவ்வளவு தாங்கும் என்றும் கணக்கிட்டார்கள். ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த இழைகளைப் படமெடுத்தது அதற்கு ஐம்பத்தாறு வருஷத்துக்குப் பின்! ஜாதகக் கட்டம் போட்டவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு முறையாவது, இப்படி முன்கூட்டிப் போட்ட கணக்கைப் பின்னால் வந்தவர்கள் அளந்து பார்க்கும்படி வைத்துவிட்டுப் போனதுண்டா?

இந்த இழுபறியினால் நட்சத்திரம் பிறப்பது சுலபமான காரியமல்ல. நம் பால்வீதியில் இப்படிக் குளிர்ந்து கிடக்கும் வாயு ஏறக்குறைய 100 கோடி சூரியன் எடை. ஈர்ப்பு சக்தி ஒன்றுதான் வேலை செய்கின்றது என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன் எடை நட்சத்திரமாய் மாறவேண்டும். நடப்பதோ வருஷத்துக்குச் சுமார் இரண்டு சூரியன் எடைதான். மற்றதெல்லாம் கொந்தளித்துக் கலைந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி கலைகின்றது. ஜெயித்த கருக்கட்டி மாத்திரம் சுருங்கி, சுருங்கச் சுருங்கச் சூடேறி, நடுவில் சுமார் ஒரு கோடி டிகிரி ஆனபோது ஹைட்ரஜன் ஹீலியமாய் மாறி எரிகின்றது. அதுதான் நட்சத்திரம்.

பிறந்தபின் அதன் ஆயுளை எழுதுவது யார்? பிரமன் அல்ல. அது இழையிலிருந்து எவ்வளவு வாயுவைச் சேர்த்துக்கொண்டது என்ற எடைதான் அதன் தலையெழுத்து. சூரியன் அளவு சேர்த்தது ஏறக்குறைய 1000 கோடி வருஷம் எரியும். பத்துப் பன்னிரண்டு மடங்கு சேர்த்தது ஒன்றிரண்டு கோடி வருஷத்தில் எரிந்து தீர்ந்து வெடிக்கும். கேட்டை அந்த ஜாதி. ஒரே மேகத்தில், ஒரே இழையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த உடன்பிறப்புகளிலேயே ஒன்று அற்பாயுள், ஒன்று நீண்ட ஆயுள். பிறந்த நேரம் நட்சத்திரத்தின் தலைவிதியையே நிர்ணயிக்கவில்லை. அது நம் பெண்ணின் தலைவிதியை நிர்ணயிக்குமாம்!

சிலர் கெட்டிக்காரத்தனமாக, "ஈர்ப்பு சக்தி என்று நீங்களே சொல்லுகின்றீர்களே! அந்த நட்சத்திரம் குழந்தையையும் இழுக்காதா?" என்று கேட்பார்கள். இழுக்கும். எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிடுவோம். கொடுக்கிலுள்ள நட்சத்திரத்துக்கு 20 சூரியன் எடை என்றே வைத்துக்கொள்ளுவோம். ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் அரை மீட்டர் தூரத்தில் நின்று குழந்தையைக் கையிலேந்திய அறுபது கிலோ எடையுள்ள நர்ஸம்மாளின் இழுப்பு, அந்த நட்சத்திரத்தின் இழுப்பைவிடப் பத்துக் கோடி மடங்குக்கு மேல். ஆகவே இழுப்புக்குத்தான் பலன் என்றால், ஜாதகத்தில் முதல் கட்டத்தில் நர்ஸம்மாளையும், இரண்டாவது கட்டத்தில் வெளியே சாலையில் போன கண்டெய்னர் லாரியையும் அல்லவா எழுதவேண்டும்?

இன்னும் ஒரு கணக்கு. சந்திரன் இருபத்தேழு நாளில் இருபத்தேழு நட்சத்திரத்தையும் சுற்றிவிடுகின்றது. ஆகவே மனிதரில் இருபத்தேழில் ஒருவர் மூலம். உலகத்தில் இன்று 800 கோடிக்கு மேல் ஜனங்கள். பாதி பெண்கள் என்றால், மூலத்துப் பெண்கள் மாத்திரம் சுமார் 15 கோடி. இவர்களில் கல்யாணமானவர்களின் மாமனார்களெல்லாம் மற்ற மாமனார்களுக்கு முன்னால் செத்துப்போனார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? ஜப்பானிலும் ரஷ்யாவிலும் மூலத்துப் பெண்கள் கோடிக்கணக்கில்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் இருக்கத்தானே வேண்டும்? அங்கே மாமனார்கள் சௌக்கியமாயிருக்கும்போது, திருவொற்றியூர் மாமனார் மாத்திரம் என்ன பாவம் செய்தார்? அன்றியும், பையன் மூலத்தில் பிறந்தால் அரசாளுவானாம், பெண் பிறந்தால் நிர்மூலமாம்! ஒரே நட்சத்திரம் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் பேசுமா? ஹைட்ரஜனுக்கு ஆண் பெண் தெரியாது. இந்தச் சட்டம் வானத்தில் எழுதப்பட்டதல்ல, திண்ணையில் எழுதப்பட்டது.

கடைசியாக, "உங்கள் விஞ்ஞானிகளுக்கும் எல்லாம் தெரியாதே" என்பார்கள். வாஸ்தவம். இழைகளின் குறுக்களவு ஏன் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றது, காந்தப்புலத்தின் பங்கு எவ்வளவு, கொந்தளிப்பின் பங்கு எவ்வளவு என்பதைப்பற்றி இன்றும் அவர்களுக்குள் சண்டை நடக்கின்றது. ஆனால் அந்தச் சண்டையை அவர்கள் தொலைநோக்கியைக் கொண்டும் கணக்கைக் கொண்டும் தீர்க்கின்றார்கள். அதனால் யாருடைய தாலியும் நிற்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகின்றவனை நம்பலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லித் தட்சணை வாங்குகின்றவனை என்ன செய்வது?

தோழர்களே! வலை தைக்கும் அந்தத் தகப்பனாரிடம் இவ்வளவையும் நான் சொன்னேன். அவர் வலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். வெகுநேரம் கழித்து, "அப்படியானால் என் பெண்மேல் குற்றமில்லை" என்றார். நாற்பது வருஷம் நூலில் பனி முத்துக் கோப்பதைப் பார்த்த மனிதருக்கு, தன் பெண் குற்றவாளியல்ல என்று தெரிந்துகொள்ள 570 ஒளியாண்டு சுற்றிவர வேண்டியிருந்தது! இந்த அவமானம் அவருடையதல்ல, நம் சமூகத்தினுடையது.

எனவே, மாமனாராக வரவேண்டிய பெரியவரே! உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்த ஜோசியரிடம் மறுபடி போங்கள். மூலத்தில் எத்தனை நட்சத்திரம், ஒவ்வொன்றும் எத்தனை தூரம், அது எந்த மேகத்தில் பிறந்தது, அதன் எடை என்ன, ஆயுள் என்ன என்று கேளுங்கள். அவர் ஒன்றுக்காவது சரியாய்ப் பதில் சொல்லிவிட்டால் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். சொல்ல முடியாவிட்டால், கொடுத்த தட்சணையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, நேரே பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பத்திரிகை அச்சடிக்கக் கொடுங்கள். அப்படியே, அந்தப் பீடியையும் நிறுத்திவிடுங்கள். நாலு காலம் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம்.

மாப்பிள்ளைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கான டன் சரக்கைக் கிரேனில் தூக்கி இறக்குகின்றவன் நீ. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட பன்னிரண்டு கட்டத்தைத் தூக்கி எறிய உன் கைக்குப் பலமில்லையா?